உடைந்தும் சிதறாத கண்ணாடி: அதைத் தந்த பாரிஸ் ஓவியர்

பஸ் டிரைவருக்கு முன்னால் பெரிய கண்ணாடி ஒன்று இருக்கிறது. எதிரே வரும் லாரியின் சக்கரத்தில் அகப்பட்ட கல் ஒன்று தெறித்து வந்து அதன் மீது மோதுகிறது. கண்ணாடியில் சிலந்தி வலை போலக் கீறல் விழுகிறது. ஆனால் உடைந்த துண்டுகள் உள்ளே பாய்ந்து வருவதில்லை. டிரைவரின் கண் தப்புகிறது. வண்டி ஓரமாக நிற்கிறது. பிரயாணிகள் உயிரோடு இறங்கி வீட்டுக்குப் போகிறார்கள்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு இப்படித் தப்ப முடியாது. அந்தக் காலத்து மோட்டார் கார்களில் சாதாரண ஜன்னல் கண்ணாடிதான் இருந்தது. சிறிய விபத்தாக இருந்தாலும் கண்ணாடி உடையும். உடைந்த துண்டு ஒவ்வொன்றும் ஒரு கத்தி. முகத்தைக் கிழிக்கும், கழுத்தை அறுக்கும், கண்ணைப் பறிக்கும். மோதலில் பிழைத்தவர்கள் கண்ணாடியால் மாண்டார்கள்.

இந்த ஆபத்துக்கு வழி கண்டவர் மோட்டார் என்ஜினீயர் அல்ல. கண்ணாடித் தொழிற்சாலை முதலாளியும் அல்ல. அவர் ஓர் ஓவியர்! அவர் பெயர் எடுவார் பெனடிக்டஸ்.

இரண்டு உலகம்

பெனடிக்டஸ் 1878-ம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்தின் தலைநகரான பாரிஸில் பிறந்தார். அந்த நாளில் பாரிஸ் கலைஞர்களின் நகரம். ஓவியம், சங்கீதம், நாடகம் எல்லாவற்றிலும் புதுமை பொங்கிக்கொண்டிருந்தது. பெனடிக்டஸும் அந்த வெள்ளத்தில் நீந்தியவர்தான்.

அவர் படம் வரைவார். தோலில் அழகிய வேலைப்பாடுகள் செய்வார். புத்தகங்களுக்கு அலங்கார அட்டை கட்டுவார். சங்கீதமும் அவருக்குத் தெரியும். புகழ் பெற்ற இசை மேதை மொரீஸ் ராவெல்லைச் சுற்றி இளம் கலைஞர்களின் நண்பர் கூட்டம் ஒன்று இருந்தது. அதில் பெனடிக்டஸும் ஒருவர்.

இவ்வளவும் செய்பவருக்கு வேறு எதற்கு நேரம் இருக்கும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அவருக்கு இன்னோர் உலகமும் இருந்தது. அதுதான் ரசாயனம். ஒரு கையில் தூரிகை. மறு கையில் சோதனைக் குழாய். ஒரு மேஜையில் வர்ணங்கள். மறு மேஜையில் அமிலங்கள். இப்படி வாழ்ந்தார் அவர்.

இரண்டு தோணியில் கால் வைக்காதே என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பெனடிக்டஸ் இரண்டிலும் கால் வைத்தார். கரையும் சேர்ந்தார்.

விழுந்தது குப்பி

1903-ம் ஆண்டு. பெனடிக்டஸுக்கு அப்போது வயது இருபத்தைந்து. தமது ஆராய்ச்சிசாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். உயரத்தில் இருந்த அலமாரித் தட்டிலிருந்து ஏதோ எடுக்கும்போது, ஒரு கண்ணாடிக் குப்பி கை தவறிக் கீழே விழுந்தது. கண்ணாடி உடையும் சத்தமும் கேட்டது. துண்டுகளைப் பொறுக்குவதற்காகக் குனிந்தார். துண்டுகளைக் காணோம்!

குப்பி உடைந்துதான் இருந்தது. உடம்பெல்லாம் கீறல். ஆனால் குப்பியின் உருவம் கலையவில்லை. ஒரு சில்லுகூடத் தனியே பிரிந்து போகவில்லை. எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அப்படியே நின்றன.

இது எப்படி?

பெனடிக்டஸ் குப்பியைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தார். முன்பு ஒரு காலத்தில் அதில் ஒரு திரவம் இருந்தது. நாளடைவில் அது ஆவியாகப் போய்விட்டது. போகும்போது குப்பியின் உட்புறத்தில் மெல்லிய தோல் ஒன்றை விட்டுச் சென்றிருந்தது. கண்ணுக்குத் தெரியாத தோல். அந்தத் தோல்தான் உடைந்த சில்லுகளை எல்லாம் ஒட்டிப் பிடித்திருந்தது.

பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்ததாகச் சொல்லப்படும் கதை இது.

அந்தத் திரவம் எது?

அதன் பெயர் கொலோடியன். பருத்திப் பஞ்சையும் அமிலங்களையும் கொண்டு செய்வது.

பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் ஊற வைத்து எடுத்தால், அது பார்வைக்குப் பஞ்சாகவே இருக்கும். ஆனால் நெருப்புப் பட்டால் வெடிக்கும்! இந்த வெடிபஞ்சை ஷோன்பைன் என்ற பேராசிரியர் 1846-ம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். இதிலேயே வேகம் குறைந்த இன்னொரு வகை உண்டு. அதை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் பாகு போன்ற திரவம் கிடைக்கும். அதுவே கொலோடியன். டாக்டர்கள் இதைப் புண்ணின் மேல் தடவினார்கள். காய்ந்தால் தோல் போல மூடிக்கொள்ளும். போட்டோ பிடிப்பவர்கள் கண்ணாடித் தகட்டில் பூசினார்கள்.

அழிக்கும் வெடிபஞ்சுக்குத் தங்கை முறையான பொருள், குப்பிக்குள் கிடந்து உயிர் காக்கும் வித்தையைக் காட்டியது!

பெனடிக்டஸ் குப்பியைத் தூக்கி எறியவில்லை. நடந்ததைச் சீட்டில் குறித்து அதன் மேல் ஒட்டி, அலமாரியில் வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனார் என்று சொல்வார்கள். அது எதற்குப் பயன்படும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

பத்திரிகையில் ஒரு செய்தி

அந்த நாட்களில் பாரிஸ் வீதிகளில் மோட்டார் கார்கள் பெருகிக்கொண்டிருந்தன. குதிரை வண்டிகளுக்கு நடுவே அவை பாய்ந்து சென்றன. ஓட்டுகிறவருக்கும் பழக்கம் போதாது. நடக்கிறவருக்கும் பழக்கம் போதாது. விபத்துச் செய்தி பத்திரிகையில் அடிக்கடி வந்தது.

ஒரு நாள் அப்படிப்பட்ட செய்தியைப் பெனடிக்டஸ் படித்தார். கார் மோதியது. கண்ணாடி உடைந்தது. சில்லுகள் கிழித்துப் பிரயாணம் செய்தவருக்குப் பலத்த காயம். வழக்கமான செய்திதான். மற்றவர்கள் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள்.

பெனடிக்டஸுக்கு அலமாரியில் இருந்த குப்பி நினைவுக்கு வந்தது!

குப்பிக் கண்ணாடி உடைந்தும் சிதறவில்லையே, கார்க் கண்ணாடியையும் அப்படிச் செய்ய முடியாதா என்ற எண்ணம் எழுந்தது. உடனே ஆராய்ச்சிசாலைக்குச் சென்றார். இரவு பகல் பாராமல் வேலை செய்தார். கண்ணாடித் தகடுகளையும் பசையையும் வைத்து அழுத்து யந்திரத்தில் இறுக்கிப் பார்த்தார். புத்தகம் கட்டுகிறவருக்குப் பசையும் அழுத்து யந்திரமும் பழகிய சாமான்கள்தானே! தோல் வேலையில் கற்றது கண்ணாடி வேலைக்குக் கை கொடுத்திருக்க வேண்டும்.

கதையில் ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது போல இருக்கும். உண்மையில் காலம் ஓடியது. குப்பி விழுந்தது 1903-ல். காப்புரிமை கேட்டு அவர் மனுப் போட்டது 1909-ல். நடுவில் ஆறு ஆண்டுகள்.

இந்த ஆறு ஆண்டுகளில் வேறொருவரும் முயன்றார். இங்கிலாந்தில் ஜான் வுட் என்பவர் இரண்டு கண்ணாடிகளை ஒரு வகை மரப்பிசினால் ஒட்டி, அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் அது வியாபாரத்தில் வெற்றி பெறவில்லை.

மூன்று அடுக்கு

பெனடிக்டஸ் செய்த கண்ணாடி எப்படிப்பட்டது? மிக எளிய ஏற்பாடுதான்.

பூரணம் வைத்த போளியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு மாவு, கீழே ஒரு மாவு, நடுவில் பூரணம். அதுபோல மேலே ஒரு கண்ணாடி. கீழே ஒரு கண்ணாடி. நடுவில் செல்லுலாய்டு என்ற மெல்லிய தகடு. அந்தக் காலத்துச் சீப்பும் பொம்மையும் செய்த அதே செல்லுலாய்டு. மூன்றையும் ஜெலட்டின் பசையால் ஒட்டி அழுத்தினார்.

இதன் மேல் கல் விழுந்தால் கண்ணாடி உடையும். உடையாத கண்ணாடி அல்ல இது. ஆனால் உடைந்த சில்லுகள் நடுத் தகட்டில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பாய்ந்து வராது. நடுத் தகடு கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் மோதலின் வேகமும் குறையும்.

மூன்று அடுக்கு என்பதால் இதற்கு ட்ரிப்ளெக்ஸ் என்று பெயர் வைத்தார். 1911-ம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்தில் ட்ரிப்ளெக்ஸ் கம்பெனி தொடங்கியது. மறு ஆண்டே இங்கிலாந்திலும் ஒரு ட்ரிப்ளெக்ஸ் கம்பெனி பிறந்தது.

வாங்க ஆள் இல்லை

உயிரைக் காக்கும் கண்ணாடி வந்துவிட்டது. மோட்டார் கம்பெனிகள் ஓடிவந்து வாங்கியிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை.

விலை குறுக்கே நின்றது. ஒரு கண்ணாடி போட வேண்டிய இடத்தில் இரண்டு கண்ணாடிக்கு விலை. செல்லுலாய்டுக்கு வேறு விலை. அதற்கு மேல் வேலைக்கூலி. கார் விலையோ ஏற்கெனவே அதிகம். அதை மேலும் கூட்டக் கம்பெனிக்காரர்களுக்கு மனம் வரவில்லை. விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்வது ஓட்டுகிறவர் பொறுப்பு, தங்கள் பொறுப்பு அல்ல என்பது அவர்கள் எண்ணம்.

கண்ணாடியிலும் குறை இருந்தது. சில காலம் வெயில் பட்டால் நடுவில் இருந்த செல்லுலாய்டு பழுப்பு நிறமாக மாறியது. ஓரத்தில் ஈரம் புகுந்தால் அடுக்குகள் பிரிந்தன.

நல்ல பொருள் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். காசு கொடுக்கத்தான் ஆள் இல்லை.

யுத்தம் வந்தது

1914-ம் ஆண்டில் முதல் உலக யுத்தம் மூண்டது. போர்க்களத்தில் விஷப் புகை பரவியது. வீரர்கள் முகமூடி அணிந்தார்கள். அந்த முகமூடியில் கண்ணுக்கு நேரே கண்ணாடி வைக்க வேண்டும். அது உடைந்து சிதறினால் கண் போய்விடும். விஷப் புகையும் உள்ளே வந்துவிடும். அங்கே தேவைப்பட்டது பெனடிக்டஸின் மூன்று அடுக்குக் கண்ணாடி. விமானம் ஓட்டியவர்களின் கண் காப்புக்கும் அதுவே பயன்பட்டது.

அமைதிக் காலத்தில் விலை அதிகம் என்று ஒதுக்கப்பட்ட பொருள், யுத்த காலத்தில் அவசியப் பொருள் ஆயிற்று. அதன் தரத்தை உலகம் கண்ணால் கண்டது.

யுத்தம் முடிந்தது. மோட்டார் கார்களின் வேகம் கூடியது. எண்ணிக்கையும் கூடியது. 1927-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு தமது புதிய மாடல் ஏ காரை வெளியிட்டார். அதன் முன்புறத்தில் அடுக்குக் கண்ணாடியே பொருத்தப்பட்டிருந்தது. சாதாரண மக்கள் வாங்கக் கூடிய காருக்கும் அது வந்துவிட்டது! பெனடிக்டஸ் தம் கண்ணாலேயே இந்த வெற்றியைப் பார்த்தார்.

மறுபடியும் தூரிகை

இத்தனைக்கும் நடுவே அவர் ஓவியத்தைக் கைவிடவில்லை. பூக்கள், இலைகள், நட்சத்திரங்கள், கோடுகள், வட்டங்கள் எல்லாவற்றையும் இணைத்துத் துணிக்கும் கம்பளத்துக்கும் ஏற்ற அலங்கார உருவங்களைப் படைத்தார்.

1925-ம் ஆண்டில் பாரிஸில் அலங்காரக் கலைக் கண்காட்சி ஒன்று நடந்தது. ஆர்ட் டெக்கோ என்று உலகம் அழைக்கும் பாணிக்கு அந்தக் கண்காட்சியிலிருந்துதான் பெயர் வந்தது. அதில் பெனடிக்டஸின் வேலைகளும் இடம் பெற்றன.

'வேரியேஷன்ஸ்' என்ற பெயரில் அவர் ஒரு சித்திரத் தொகுப்பு வெளியிட்டார். 20 தாள்களில் 86 அலங்கார உருவங்கள். தகட்டில் உருவத்தை வெட்டி எடுத்து, அதன் வழியாகக் கையால் வர்ணம் பூசும் முறையில் செய்தவை. 'ரெலே' என்ற கடைசித் தொகுப்பு 1930-ம் ஆண்டில் வெளிவந்தது. அதே ஆண்டில் பெனடிக்டஸ் பாரிஸில் காலமானார். அவருக்கு வயது 51.

அவருக்குப் பின்

அவர் மறைந்த பிறகு அவருடைய கண்ணாடி மேலும் வளர்ந்தது. 1930-களில் பிரிட்டன், புதிய மோட்டார்களின் முன்கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் செல்லுலாய்டுக்குப் பதிலாகப் பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிளாஸ்டிக் வந்தது. அது எளிதில் பழுப்பதில்லை. ரப்பர் போல இழுத்துக் கொடுக்கும். இன்றும் வண்டிகளின் முன்கண்ணாடியில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. இந்தியாவிலும் 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், வண்டிக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாகவே இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டன.

இதற்கு ஓர் அண்ணனும் உண்டு. பெனடிக்டஸ் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1874-ல், டி லா பாஸ்டி என்ற பிரெஞ்சுக்காரர் பழுக்கக் காய்ச்சிய கண்ணாடியை எண்ணெயில் தோய்த்துக் கெட்டிப்படுத்தினார். இன்று எண்ணெய்க்குப் பதிலாகக் குளிர்ந்த காற்றைப் பீய்ச்சுகிறார்கள். கடைக்காரர்கள் டஃபண்ட் கிளாஸ் என்று சொல்வது இதைத்தான்.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? காய்ச்சிய பட்டை குளிரும்போது சுருங்கி, மரத்தை இறுக்கிப் பிடிக்கும். இங்கே கண்ணாடியின் மேல்புறம் முதலில் குளிர்கிறது. உட்புறம் பின்னால் குளிர்ந்து சுருங்கி, மேல்புறத்தை இறுக்கிவிடுகிறது. ஆகவே சாதாரணக் கண்ணாடியைவிட நான்கு மடங்கு வலிமை. மீறி உடைந்தால் கத்தி போல உடையாது. கல்கண்டுத் துண்டுகள் போலப் பொடிப்பொடியாக உதிரும்.

வீட்டுக்குள் வந்த ஆபத்து

காரில் தீர்ந்த ஆபத்து வீட்டுக்குள் புகுந்தது! இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவில் பெரிய பெரிய கண்ணாடிக் கதவு வைத்து வீடு கட்டினார்கள். தோட்டத்துக்குப் போகும் வழியில் ஆள் உயரக் கண்ணாடி. குளிக்கும் அறையில் கண்ணாடித் தடுப்பு. விளையாடும் குழந்தை, கதவு திறந்திருக்கிறது என்று நினைத்து ஓடி வந்து மோதும். சாதாரணக் கண்ணாடி உடைந்து குழந்தை மீதே விழும்.

பல காயங்களும் மரணங்களும் நேர்ந்த பிறகு சட்டம் வந்தது. 1977-ம் ஆண்டு ஜூலை மாதம் முதல் அமெரிக்கா முழுவதும், கதவுகளிலும் குளியல் தடுப்புகளிலும் பாதுகாப்புக் கண்ணாடியே போட வேண்டும் என்று விதி செய்தார்கள். சோதனை எப்படித் தெரியுமா? ஈயக் குண்டுகள் நிரப்பிய சுமார் 45 கிலோ மூட்டையைக் கயிற்றில் கட்டி, ஊஞ்சல் போல வீசிக் கண்ணாடி மீது மோத விடுவார்கள். ஓடி வரும் மனிதருக்குப் பதிலாக அந்த மூட்டை! கண்ணாடி உடையாமல் இருக்கலாம். உடைந்தாலும் ஆளை அறுக்காத விதத்தில் உடைய வேண்டும். அப்போதுதான் தேறியதாக அர்த்தம்.

பிரிட்டனில் எந்தெந்த இடம் ஆபத்தானது என்றே கணக்கிட்டிருக்கிறார்கள். சுவரில் உள்ள கண்ணாடியானால் தரையிலிருந்து 800 மில்லிமீட்டர் உயரம் வரை. கதவிலும் கதவை ஒட்டிய பக்கத்திலும் 1,500 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்து அடி வரை. குழந்தை தவழும் உயரம், பெரியவர் கை ஊன்றும் உயரம் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

நாம் கவனிக்க வேண்டியது

வீடு கட்டுகிறவர்களும் கடை வைக்கிறவர்களும் சில விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கனமான கண்ணாடி எல்லாம் பாதுகாப்புக் கண்ணாடி ஆகிவிடாது. கனமான சாதாரணக் கண்ணாடி உடைந்தால் துண்டும் கனமாகத்தான் விழும்.

கண்ணாடியின் மூலையில் அழியாத முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடிக்கு இந்திய தர நிர்ணய எண் ஐ.எஸ். 2553.

கதவுக்கும் குளியல் தடுப்புக்கும் டஃபண்ட் கண்ணாடி ஏற்றது. அதைச் செய்த பிறகு அறுக்கவோ துளை போடவோ முடியாது. போட்டால் முழுதும் பொடியாகிவிடும். ஆகவே அளவை முன்கூட்டியே சரியாகக் கொடுக்க வேண்டும். தலைக்கு மேலே கூரையில் போடுவதற்கும், மாடிக் கைப்பிடிச் சுவருக்கும் பெனடிக்டஸின் அடுக்குக் கண்ணாடியே நல்லது. உடைந்தாலும் இடத்தை விட்டு அகலாது.

உள்ளே கம்பி வலை வைத்த கண்ணாடியைக் கண்டு ஏமாறாதீர்கள். அது நெருப்பில் சிதறாமல் நிற்பதற்காக ஏற்பட்டது. சாதாரணமாக வரும் கம்பிக் கண்ணாடியில் ஆள் மோதினால், கண்ணாடியோடு கம்பியும் சேர்ந்து கிழிக்கும்.

பெரிய கண்ணாடிக் கதவில் கண் மட்டத்தில் ஒரு கோடோ பூவோ ஒட்டி வையுங்கள். அங்கே கண்ணாடி இருக்கிறது என்று குழந்தைகளுக்கும், பார்வை மங்கிய பெரியவர்களுக்கும் தெரியும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

கை தவறிக் குப்பியை உடைத்தவர்கள் உலகில் எத்தனையோ பேர். குனிந்து பார்த்து, ஏன் சிதறவில்லை என்று கேட்டவர் பெனடிக்டஸ். அவர் வரைந்த சித்திரங்களை இன்று நூலகங்களில் பத்திரமாகப் பாதுகாக்கிறார்கள். அவர் செய்த கண்ணாடியோ ஊர் ஊராக, தெருத் தெருவாக, யாரென்று தெரியாத மக்களைப் பாதுகாத்துக்கொண்டிருக்கிறது.